கோழிப்பண்ணையில் எடுத்த படம்

வெண்ணந்தூர்ப் பக்கத்தில் பாம்பை அடிக்கிற கைகளில் செல்போனைக் கொடுத்துப் படம் எடுக்க வைத்தவள் சுகன்யா. ஊரே முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தது. படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், எந்தெந்த ஊரிலோ இருக்கும் விவரம் தெரிந்தவர்கள் பாம்பின் பெயரைச் சொல்வார்கள். எங்கே எந்தப் பாம்பு அதிகம் என்று வரைபடம் தயாராகும். அதைக் காட்டிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விஷமுறிவு மருந்து கேட்கலாம். நல்ல காரியம்தான். மருந்துதான் வந்தபாடில்லை. அதற்குப் பதிலாக ஊருக்கு ஒரு பழக்கம் வந்து சேர்ந்தது. பாம்பு கடித்தால் முதலில் படம், அப்புறம் பதில், அதற்கும் பிறகுதான் ஆஸ்பத்திரி. அப்படிச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை. ஒன்றுமில்லாத கடிக்கெல்லாம் நாமக்கல்வரை ஓடி அலுத்தவர்களுக்கு அது வசதியாக இருந்தது. சுகன்யாவும் தடுக்கவில்லை.

அன்று விடிந்தும் விடியாத நேரத்தில், கோழிப்பண்ணையின் முட்டை அறையில் பாய் விரித்துப் படுத்திருந்த அவள் கணவன் குருமூர்த்தி கையை உதறிக்கொண்டு எழுந்தான்.

"என்னமோ சுருக்குன்னுச்சு புள்ள."

முட்டை அட்டைகளுக்கு அடியில் ஒரு பாம்பு நெளிந்தது. அவன் கட்டையை எடுத்தான்.

"அடிக்காதீங்க, செத்த இருங்க" என்று அவள் படம் எடுத்தாள். பளிச்சென்று விழுந்தது. பதிலும் உடனே வந்தது. சுவர்ப் பாம்பு, விஷமில்லை, பயப்பட வேண்டாம். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். கையில் வீக்கமும் இல்லை, வலியும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

குருமூர்த்தி முட்டை வண்டிக்கு லோடு ஏற்றினான், இட்லி தின்றான். வெயில் ஏறியதும், "தூக்கந் தூக்கமா வருது, கண்ணத் தொறக்க முடியல" என்றான். இமைகள் இரண்டும் தொங்கிவிட்டிருந்தன. பிறகு நாக்குக் குழறியது. வேன் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் மூச்சும் திணறியது.

"கட்டுவிரியன் கடி மாதிரி இருக்கு. ஏம்மா இவ்வளவு நேரம்?" என்றார் டாக்டர்.

சுகன்யா படத்தைக் காட்டினாள். "இதுதாங்க கடிச்சது. வெசமில்லைன்னு சொன்னாங்க."

"இது கடிச்சதை நீ பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. பாழாய்ப்போன படத்தில் ஒரு குறையும் இல்லை, பெயர் சொன்னவர்களும் சரியாகத்தான் சொன்னார்கள். கட்டுவிரியன் சின்னப் பாம்புகளைத் தேடித் தின்னும் என்று பள்ளிக்கூடத்தில் பேசப் போனபோது அவளே சொல்லியிருக்கிறாள். சுவர்ப் பாம்பைத் தேடி வந்த கட்டுவிரியன்தான் பாயடியில் இருந்து கடித்திருக்கும். அந்த நேரத்தில் அது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மருந்து ஏற்றினார்கள், மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். குருமூர்த்தி மறுநாள் செத்துப்போனான்.

காரியம் முடிந்ததும் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினாள். கடித்தால் படத்துக்கு நிற்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினாள். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. பிறகு வழக்கம்போலப் புதுப் படங்கள் வந்து விழுந்தன.

ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து, குழுவில் இருக்கும் அத்தாயி போனில் கூப்பிட்டாள். கடலைக் காட்டில் அவள் மகனைப் பாம்பு கடித்துவிட்டதாம்.

"படம் போட்டிருக்கறேன் சாமி. எந்தப் பாம்புன்னு பாத்துச் சொல்லு."

"படமெல்லாம் வேண்டாங்க்கா! உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!"

"உன்ற ஊட்டுக்காரரையும்தான் கொண்டுபோனீங்க. பொழைக்க வெக்க முடிஞ்சுதா சாமி? வெசமில்லாததுன்னா எதுக்கு அலையோணும்?"

அத்தாயி போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், அது வேறெங்கோ போயிருக்கிறது, வரத் தாமதமாகும் என்றார்கள். சுகன்யா குழுவைத் திறந்தாள். அத்தாயி போட்ட படத்தில் கடலைக் கொடியும் ஒரு வால் நுனியும்தான் தெரிந்தன. எந்த ஊர்க்காரரோ அக்கறையாகப் பதில் போட்டிருந்தார்: ‘படம் தெளிவாக இல்லை. முடிந்தால் இன்னொன்று எடுங்கள்.’

கீழே அத்தாயியின் பதில்: ‘சரிங்க, தேடிப் பாத்து எடுக்கறேனுங்க.’