சாயங்கால ரயில் போகும்வரை

வீரபாகு முதலியாரைப் பார்க்க வந்த வைத்தியர்கள் எல்லோரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள்: தீபாவளி தாங்காது. அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் தானே செத்துப்போய், அவருடைய கருமாதியும் முடிந்துவிட்டது. முதலியார் மட்டும் மல்லசமுத்திரத்து வீட்டின் நடுக்கட்டில், ஒரு பக்கம் விழுந்த உடம்போடு, கயிற்றுக்கட்டிலில் அசையாமல் கிடந்தார்.

அதற்குக் காரணம் மருமகள் தெய்வநாயகி. ராகிக் கூழை மெல்லிய துணியில் வடிகட்டிக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். புண் வராமல் புரட்டிப் போட்டாள். முதுகுக்கு வேப்பெண்ணெய் தடவினாள். "மருமவள்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்று ஊரே மெச்சியது. ஒவ்வொரு மெச்சலும் அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. அது ஊருக்கு எங்கே தெரியும்?

அவளும் புருஷன் சென்னிமலையும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து வந்தவர்கள். மீசை முளைக்கும் வயதில் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய சென்னிமலை, பிறகு சொந்தமாகக் காய்கறித் தோட்டம் போட்டு, டர்பன் சந்தையில் நாலு பேர் மதிக்கும்படி நின்றவன். ஒரே மகள் மயிலம்மாளை அங்கேயே கட்டிக்கொடுத்திருந்தான். அப்பன் சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்ததும் இருவரும் கிளம்பினார்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று கோழிகளைக்கூடப் பக்கத்து வீட்டில்தான் விட்டுவிட்டு வந்தார்கள்.

கப்பலேறும்போது துறைமுக அதிகாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்து கரையில் கால் வைக்கவேண்டும். தவறினால் அந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை போனது போனதுதான். அதுவும் அந்த உரிமை சென்னிமலையுடையது. பெண்சாதிக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. புருஷன் உரிமை உயிரோடிருந்து, அவன் கையெழுத்துப் போட்டு அழைத்தால் அவள் போகலாம். இல்லையென்றால் மகளின் முகத்தை இனிக் கனவில்தான் பார்க்கவேண்டும்.

மூன்றாவது வருஷம் முடியப்போகும் சமயத்தில், மயிலம்மாள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. தலைப்பிரசவம். அன்றைக்குக் காலையில் தெய்வநாயகி கூழ்ச்சட்டியை அடுப்படியிலேயே வைத்துவிட்டுக் கை கட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒரு வேளை ஊட்டாவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வேளை? நடுக்கட்டிலிருந்து "சாமி... சாமி..." என்று குழறிய குரல் கேட்டது. பசித்த பிள்ளையின் குரலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தன்னைத்தானே திட்டிக்கொண்டு எழுந்துபோய் ஊட்டினாள்.

அன்றே புருஷனிடம் பேசினாள்.

"ஏனுங்க, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நீங்க போய் எறங்கிட்டாப் போதும், உரிமை நிக்குமல்லோ. மாமனை நான் பாத்துக்கறேன். பொறவு என்னைக் கூப்புட்டுக்குங்க."

"நான் கடல்ல இருக்கறப்ப அப்பன் போயிட்டா? நான் ஒத்தைப் பையன். கொள்ளி வெக்காம உட்டவன்னு ஊரு காறித் துப்பாதா?"

"ஊரு துப்புனா தொடைச்சுக்கலாமுங்க. மயிலாளை எப்படிங்க பாக்கறது?"

பேச்சு நாலைந்து நாள் இழுத்தது. கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் முதலியார்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தவர், மகனைக் கிட்டே அழைத்து, கோணிய வாயால் சிரித்தார். "போய்ட்டு வா சாமி. நா எங்கயும் போயர மாட்டேன்." சென்னிமலை தேம்பித் தேம்பி அழுதான். பங்காளி வீட்டுத் தம்பி சின்னராஜைக் கூப்பிட்டு, "ஏதாச்சும் ஒண்ணுன்னா ரயில் ஏற முந்தி ஆளனுப்பிச் சொல்லிப்போடு, திரும்பி வந்தர்றேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். பம்பாயில் அவனுக்குக் கிடைத்ததுதான் தவணைக்குள் போய்ச் சேரும் கடைசிக் கப்பல்.

காலை பஸ்ஸில் சேலத்துக்குப் புறப்பட்டான். ரயில் சாயங்காலம்.

பஸ் கிளப்பிய புழுதி அடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். முதுகு துடைத்துவிட மாமனாரைப் புரட்டியபோது தெய்வநாயகியின் கைக்கு ஏதோ தப்பாகப் பட்டது. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள். போய்விட்டிருந்தார்.

அலறுவதற்கு வாய் தானாகத் திறந்தது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அலறினால் சின்னராஜ் வருவான். சைக்கிளில் ஓடி, ரயிலடியிலேயே அண்ணனைப் பிடித்துவிடுவான். அப்புறம் கொள்ளி, பால் தெளிப்பு, கருமாதி. அதற்குள் கப்பல் நடுக்கடலுக்குப் போயிருக்கும். ரயில் கிளம்பிவிட்டால் பம்பாயில் அவன் எங்கே தங்குவான் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

கதவை ஒருக்களித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். வழக்கம்போல் புகை வரவேண்டுமே! செத்தவருக்குக் கூழ் காய்ச்சினாள். உச்சிவேளையில் சின்னராஜ் பெண்சாதி சின்னாயி எட்டிப் பார்த்தாள்.

"மாமன் சாப்புட்டாச்சுங்களாக்கா?"

"ஆச்சு. இப்பத்தான் கண்ணசந்தாரு. சத்தம் போடாதே."

சின்னாயி போனதும் கட்டிலருகே உட்கார்ந்து ஈ விரட்டினாள். மூன்று வருஷமாகப் பெற்ற பிள்ளையைப் போல வைத்துப் பார்த்த உடம்பு. அவர் எப்போது போவார் என்று காத்திருந்ததும் அவள்தான், போனதற்கு நெஞ்சு வெடிக்க நின்றதும் அவள்தான். அழ முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க மாமா, மன்னிச்சுக்குங்க" என்று உதடு மட்டும் முணுமுணுத்தது.

வெயில் சாய்ந்து, இந்நேரம் ரயில் சேலத்தைத் தாண்டியிருக்கும் என்று மனசுக்குப் பட்ட பிறகுதான் வாசலுக்கு வந்து அலறினாள். அந்த அழுகையில் பொய்யே இல்லை. நாள் முழுக்க அடைத்து வைத்தது மடை உடைந்து வந்தது.

ஆனால் பிணத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதே! உயிர் போனதும் தாடையைக் கட்டி, கைகளை நெஞ்சில் மடித்து வைப்பது வழக்கம். குளிப்பாட்ட வந்த சின்னாயி கையை மடித்துப் பார்த்தாள், மடங்கவில்லை. திறந்த வாய் திறந்தபடியே இறுகியிருந்தது. அவள் நிமிர்ந்து தெய்வநாயகியைப் பார்த்தாள்.

"அக்கா, இது இப்பப் போன உசுரு இல்லீங்க."

கூடியிருந்த பெண்களில் ஒருத்தி வெளியே ஓடிச் சொன்னாள். சின்னராஜ் உள்ளே வந்தான். "காலையிலயே சொல்லியிருந்தா அண்ணனைத் தடுத்திருப்பனே, அண்ணி!"

"அதுக்குத்தான் தம்பி சொல்லலெ" என்றாள் தெய்வநாயகி. மழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

கொள்ளியை சின்னராஜ் வைத்தான். அதன் பிறகு அவளை மெச்ச ஒருவரும் வரவில்லை. தண்ணீர்த் துறையில் அவள் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம் என்று சொன்னவள் ஆயிற்றே. புருஷன் அழைப்பான், போய்விடுவோம் என்று ஒவ்வொரு நாளையும் தள்ளினாள்.

நடந்ததை ஒன்று விடாமல் சின்னராஜ் அண்ணனுக்கு எழுதியிருந்தான். பதில் அவன் பேருக்கே வந்தது. எழுத்துத் தெரியாத தெய்வநாயகி கதவோரம் நின்றுகொள்ள, அவன் படித்துச் சொன்னான். சென்னிமலை தவணை முடியுமுன்னே இறங்கிவிட்டானாம். உரிமை நிலைத்ததாம். மயிலம்மாளுக்கு ஆண் குழந்தையாம். அப்பனுக்கு வருஷத் திதியைக் குறைவில்லாமல் செய்யச் சொல்லியிருந்தான். அவ்வளவோடு சின்னராஜ் நிறுத்தினான்.

"என்னை எப்பக் கூப்புடறாராம்?"

அவன் தாளை மடிக்கப் போனான்.

"படிங்க தம்பி. எதா இருந்தாலும் படிங்க."

"'எங்கப்பனை நாளெல்லாம் அனாதைப் பொணமாப் போட்டு வெச்சவளைக் கூப்புட என் கையெழுத்து வராது'ன்னு எழுதியிருக்காருங்க அண்ணி."

அங்கே சென்னிமலை பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் பெயரில் நிலைத்துவிட்ட நாட்டில் நிம்மதியாக நடமாடலாம். இனி எத்தனை வருஷம் ஆனாலும் அவன் உரிமைக்குக் கேடில்லை. அதைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு அதில் இம்மியும் பங்கில்லை.

"கொழந்தைக்கு என்ன பேரு வெச்சாங்களாம்?" என்று கேட்டாள் தெய்வநாயகி.

சின்னராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அது எழுதலீங்க அண்ணி."