வடக்குச் சுவரோரம்

பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையின் நடுவில் செல்லபாய் டீச்சர் மயங்கி விழுந்தார். வெளியே ஒரு இலை அசையவில்லை. உள்ளே நீளக் கம்பியில் தொங்கிய மின்விசிறிகள் சூட்டை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைத்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை, "இங்க ஏசி போடாம நான் விடமாட்டேன்" என்பதுதான்.

விடவும் இல்லை. கிள்ளிப்பாலம் பக்கத்து அந்தச் சபையில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். பழைய கோயிலின் அழகு கெட்டுவிடும் என்று எதிர்த்தவர்களின் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து பேசினார். மழைக்காலம் முடிவதற்குள் கமிட்டி சம்மதித்துவிட்டது.

வேலை மீராவிடம் வந்தது. வலியசாலை அக்ரஹாரத்துப் பெண். ஆஸ்பத்திரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் ஏசி போட்டிருக்கிறாள், தேவாலயத்துக்கு இதுதான் முதல் தடவை. கருங்கல் சுவரிலும் தேக்குக் கூரையிலும் எதையும் மாட்டக்கூடாது என்பது கமிட்டியின் நிபந்தனை. பீரோ மாதிரி தரையில் நிற்கிற மிஷின்களைத் தூண்களுக்கு நடுவில் வைப்பதென்று சீக்கிரமே முடிவானது. சூட்டை வெளியே தள்ளுகிற வெளி யூனிட்டுகளை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. முன்பக்கம் வைத்தால் முகப்பு கெடும். தெற்கே ஒட்டினாற்போல் பெண்கள் ஹாஸ்டல். பலிபீடத்துக்குப் பின்பக்கம் வைத்தால் கடைசிப் பெஞ்சுவரை பைப் இழுக்கத் தூரம் அதிகம். மிச்சமிருந்தது வடக்குப் பக்கம். அங்கே கல்லறைத் தோட்டம் தொடங்குகிறது. ஆனால் சுவரை ஒட்டிய கடைசிக் கல்லறைக்குப் பக்கத்தில் வெறும் புல்தரை இருந்தது. ஃபிட்டர் பால்பாண்டி அளந்து, சுண்ணாம்புப் பொடியால் நீளக் கட்டமாகக் கோடு போட்டான்.

கமிட்டி செயலாளர் ஆன்சன் அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அது யேசுவடியான் சார் கல்லறை. டீச்சரோட வீட்டுக்காரர். நீங்களே டீச்சர்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க, மேடம்." சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குள் போய்விட்டார்.

டீச்சர் குடையோடு வந்தார். மீரா மிஷினின் அளவைச் சொன்னாள், சத்தம் அதிகம் வராது என்றாள். "கல்லறை மேல ஒண்ணும் படாது டீச்சர். பக்கத்துல காலியாத்தானே இருக்கு."

"காலி இல்ல மக்களே," என்றார் டீச்சர். "அது எனக்குன்னு போட்டிருக்க இடம்."

பால்பாண்டி அவசரமாகக் காலால் கோட்டை அழிக்கப் பார்த்தான். பொடி புல்லில் இன்னும் பரவியதுதான் மிச்சம். டீச்சர் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. இந்த இடத்துக்கு ஏசி ஒத்துவராது என்று முன்பே சொன்னவர்கள் அதையே மறுபடி சொன்னார்கள். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்றார் ஆன்சன். மீரா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கரமனையில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

"நீ வந்தது நல்லதாப் போச்சு," என்று டீச்சர் சாயா போட்டுக் கொடுத்தார். "எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல, கேட்டியா. பயந்துட்டேன். அவரு போன பிறகு ஞாயிறுதோறும் அந்தப் புல்லைப் பாக்கேன், ஒண்ணும் தோணினதில்ல. அன்னைக்கு நீளமா கோடு போட்டு வச்சிருந்ததைப் பாத்ததும் எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது."

"தெரியாமப் பண்ணிட்டேன், டீச்சர். வேற வழி பாக்கறேன். முன்பாதிக்கு மட்டும் போட்டா பலிபீடத்துக்குப் பின்பக்கமே வெச்சுடலாம்."

"பின்னால இருக்கவங்க வேர்த்து வடியட்டுமா?" டீச்சர் காலி டம்ளரை எடுத்து வைத்தார். பிறகு கேட்டார்: "ஒரு மிஷின் எத்தனை வருஷம் ஓடும்?"

"நன்னா பாத்துண்டா பத்து, பன்னெண்டு வருஷம்."

"எனக்கு எழுபது தாண்டியாச்சு. அப்பம் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே கணக்குதான். அங்கயே வை. நான் அங்க படுக்க வரும்பம் எடுத்து மாத்தித் தரணும். முடியுமா?"

மீரா யோசித்தாள். கான்கிரீட் போடாமல் போல்ட்டில் நிற்கிற இரும்பு ஸ்டாண்டு போதும். பைப்பைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுச் சுருட்டி வைத்தால் நகர்த்தலாம். "முடியும். ஒரு நாள் வேலை இருக்கும்."

"இருக்கட்டும். அந்த ஒரு நாள் நானும் ஃப்ரீசர் பெட்டியில ஏசிலதானே கெடப்பேன்."

சிரிக்கலாமா கூடாதா என்று மீராவுக்குத் தெரியவில்லை. டீச்சரே முதலில் சிரித்தார்.

"எடுத்த பிறகு எங்க வெக்கறது டீச்சர்?"

"அதை ஆன்சன் யோசிக்கட்டும். நான் கேக்க வரப்போறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார், "அவரு பக்கம் சூடு அடிக்குமா?"

"காத்து மேல போற மாதிரி திருப்பிடறேன். கொஞ்சம் வெக்கை இருக்கும். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"கொஞ்சம்னா சாரமில்ல, பொறுத்துக்கிடுவாரு," என்றார் டீச்சர்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் முன்பு, அட்வென்ட் முதல் ஞாயிறு காலையில் ஜன்னல்களை அடைத்து மிஷின்களை ஓடவிட்டார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் ஒதுங்குகிறவர்களெல்லாம் மிஷின் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு முண்டியடித்தார்கள். குழந்தைகளுக்குக் குளிர்கிறது என்று யாரோ குறைபட்டுக்கொண்டார்கள். டீச்சர் சால்வை போர்த்திக்கொண்டு கடைசிவரை பாடினார்.

ஆராதனை முடிந்து அவர் வடக்குப் பக்கம் வந்தபோது, மீராவும் பால்பாண்டியும் யூனிட்டுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்மிஷின்களிலிருந்து வந்த குழாயில் தண்ணீர் சொட்டி வடிகால் ஓடைக்குள் போனது. டீச்சர் குனிந்து அதைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணியா இது?"

"குடிக்கறதுக்கு ஆகாது. செடிக்கு விடலாம்."

"பின்ன எதுக்கு ஓடையில விடுறே? அவரு தலைமாட்டுல நந்தியாவட்டை நிக்கு, அதுக்கு விடு."

பால்பாண்டி வண்டியிலிருந்து ஹோஸ் எடுத்துவந்து மாட்டினான். தண்ணீர் செடியின் வேரடியில் ஊறும்வரை டீச்சர் குடையை ஊன்றிக்கொண்டு பார்த்து நின்றார். பிறகு மீராவிடம், "மத்தியானம் வீட்டுக்கு வா, உனக்காக மீன் இல்லாம கொழம்பு வச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.