பூசணி பூதத்தின் வணக்கம்

தேசிய கராத்தே சாம்பியனுக்கு நாடு மூன்று கொடைகள் வழங்கியது: ஒரு கோப்பை, ஒரு கைகுலுக்கல், துணிக்கடை வாசலில் காவல்காரர் வேலை. அங்கிருந்து அவரை மீட்டது ஒரு பூசணிக்காய். குழந்தைகள் டிவியில் வாராவாரம் முயலின் வீட்டைப் பிடுங்க வந்து, முயலிடமே அடி வாங்கி விழும் பூசணி பூதம் அவர்தான்.

“புலியைக் கட்டிக்கிட்டேன்னு நினைச்சேன், காய்கறியாப் போச்சு” என்பார் மனைவி. ஆனால் நிகழ்ச்சி நேரத்தில் அடுப்பை அணைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

காரணம் உண்டு. முயல் பொம்மை பஞ்சுக் கையால் ஒரு தட்டுத் தட்டும். மனிதர் காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, நுரை உடையோடு உருண்டு, ஒரு விக்கலோடு படுப்பார். ஊரையே விழவைத்தவருக்குத்தான் அப்படி விழ வரும்.

முதல் நாளே ஒரு தப்பு செய்தார். பழக்கதோஷத்தில், சண்டைக்கு முன் முயலைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டார். அரங்கில் இருந்த குழந்தைகளும் எழுந்து குனிந்தார்கள். “எதிராளி வணங்கி நிமிர்ற வரைக்கும் நாம நிமிரக் கூடாது” என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அது சட்டம்.

பிறகு சேனலுக்குப் புதிய படைப்புத் தலைவர் வந்தார்.

“குழந்தைகளின் ஆழ்மனசுல ஒரு வீரப் பாய்ச்சல் நிகழணும் சார். சாம்பியன் போய் முயல்கிட்ட தோக்குறதாவது? இன்னிக்கு வணக்கம் கிடையாது, விழறது கிடையாது. ஓடி வர்றீங்க, முயலுக்கு ஒரே உதை!”

மேசைக்கடியில் ஒடுங்கியிருந்த பொம்மலாட்டக்காரம்மா தலையை நீட்டினார். “ஐயா, முயலுக்குள்ள இருக்கிறது என் கைங்க.”

“கலைக்குத் தியாகம் வேணும்மா.”

“அப்ப உங்க கையை உள்ள விடுங்களேன்.”

தலைவருக்கு அது காதில் விழவில்லை. ஓரத்தில் நின்ற ஜிம்காரரைக் காட்டினார். “உங்களால முடியலைன்னா இவர் தயார்.” ஜிம்காரர் நெஞ்சை ஒருமுறை துடிக்கவிட்டார்.

பூசணியின் கண்ணில் துணிக்கடை வாசல் வந்துபோனது. “மயிரிழை முன்னால காலை நிறுத்திடுவேம்மா, பயப்படாதே” என்று மேசைக்கடியில் கிசுகிசுத்தார்.

கேமரா ஓடியது. பூதம் நுழைந்தது. குழந்தைகள் எழுந்து குனிந்தார்கள். குனிந்தவர்கள் குனிந்தபடியே நின்றார்கள். வீரப் பாய்ச்சலைப் பார்க்க ஒரு கண்கூட இல்லை. எல்லாக் கண்ணும் அவரவர் செருப்பின் மேல்.

“உதைங்க சார்!”

“பிள்ளைங்க குனிஞ்சு நிக்கிறாங்களே சார். எப்படி உதைக்கிறது?”

“வேலை போயிடும்!”

பூசணி ஒரு மூச்சு இழுத்தார். பிறகு, நுரை அனுமதித்த அளவுக்கு, நன்றாகக் குனிந்து வணங்கினார்.

தலைவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு செட்டுக்குள்ளேயே பாய்ந்தார். நிமிர்ந்த குழந்தைகள் அவரைப் பார்த்தார்கள்.

“ஐ, புது பூதம்!” மறுபடி மொத்தமாகக் குனிந்தார்கள்.

தலைவர் திகைத்து நின்றார். மேசை மேலிருந்து முயல் அவர் தொப்பையில் ஒரு தட்டுத் தட்டியது. பின்வாங்கியவரின் குதிகால் பாய் விளிம்பில் சிக்க, ஆழ்மனசோடு சேர்ந்து ஆளும் மல்லாக்கச் சாய்ந்தார். தரையைத் தொடுவதற்குள் பூசணி சறுக்கிவந்து அடியில் படுத்துவிட்டது. பொத்!

அரங்கம் கைதட்டியது.

தலைவர் முதுகைத் தடவிப் பார்த்தார். முழுசாக இருந்தது.

“தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும் சார்” என்றது கீழிருந்து பூசணி, மரியாதையாக. “அடுத்த வாரம் சொல்லித்தர்றேன்.”

“வேண்டாம் சார். விழற வேலையை நீங்களே பாத்துக்கங்க.”