வரம்பு கூடக் கூட வளர்ந்த வீடு

மதியம் இரண்டு மணிக்கு மெத்தைக் கடையில் ஆள் நடமாட்டம் இருக்காது. வெயில் மட்டும் கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே வந்து, விலைச் சீட்டு தொங்கும் கட்டில்களில் கேட்பாரற்றுப் படுத்துக்கொள்ளும். அதன் பக்கத்தில் விற்பனையாளரும் படுத்துக்கொள்வார். அது வேலைக்குச் செய்யும் துரோகமல்ல, வேலையே அதுதான். ஒரு ஆள் சுகமாகத் தூங்குவதைப் பார்த்தால்தான் மெத்தை விற்கும் என்பது முதலாளியின் கொள்கை. பதினோரு வருஷமாகத் தூங்கிக் காட்டி உழைத்ததில் அவருக்கு 'மெத்தைக்காரர்' என்ற பேர் நிலைத்துவிட்டது. சம்பளம்தான் அவரைவிட ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தது.

அன்றும் கண் சொக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சின் மேல் வைத்திருந்த போன் உறுமியது. 'வாழ்த்துகள்! உங்கள் கிரெடிட் கார்டின் வரம்பு இருபதாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாக உயர்ந்துள்ளது.'

அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். பாங்க் நேரில் வந்து நிற்பதாக ஒரு நினைப்பு.

அவர் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. நாலு மாதம் முன்பு அவரும் மனைவியும் ஒரே பாங்கில், ஒரே நாளில், ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டுக் கார்டு வாங்கினார்கள். மனைவி லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். அவளுக்கு ஆரம்பமே ஒரு லட்சம். இவருக்கு இருபதாயிரம்.

"உங்க வீட்டம்மா தவணையில ஸ்கூட்டர் வாங்கி முப்பது மாசம் நாள் தவறாம கட்டியிருக்காங்க சார். அது பதிவாகி, கடனை ஒழுங்கா கட்டறவங்களுக்குப் போடற மார்க், அந்த கிரெடிட் ஸ்கோர், நல்லா இருக்கு. நீங்க கடனே வாங்கினதில்ல. உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள் பாங்க் பெண்.

"டீக்கடையில கூட கடன் வச்சதில்லம்மா நான்."

"அதான் சார் பிரச்சினை."

ஒழுக்கமாக வாழ்ந்ததற்கு ஒரு மனிதன் இப்படி ஒரு அவமானத்தைச் சந்தித்திருக்க மாட்டான் என்று அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். அதாவது, வீட்டில் சாப்பிடவில்லை.

இப்போது வரம்பு இரட்டிப்பாகிவிட்டது. மறுபடி படுத்துக் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் ஒரு வீடு வந்தது. இருபதாயிரத்தில் அது ஜன்னல் இல்லாத ஒற்றை அறையாக இருந்தது. நாற்பதாயிரத்தில் சுவர் மெல்ல விலகி ஒரு ஜன்னல் திறந்தது. காற்று வந்தது. காற்று வந்தால் திரைச்சீலை வேண்டாமா? சாயங்காலம் கார்டைத் தேய்த்துப் பத்தடி நீளத்தில் நீலத் திரைச்சீலை வாங்கினார். குடியிருந்த வாடகை வீட்டு ஜன்னலோ முழங்கை அகலம். வாங்கியதைக் கடையின் பின்கட்டில், பழைய மெத்தைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தார்.

முதல் சில மாதம் வாங்கியதையெல்லாம் ஒழுங்காகக் கட்டினார். கட்டக் கட்ட வரம்பு ஏறியது. தொண்ணூறாயிரத்தில் கனவு வீட்டுக்குக் கூடம் முளைத்தது. கூடத்துக்கு ஒரு சரவிளக்கு வந்தது. ஒன்றரை லட்சத்தில் மாடிப்படி வளைந்து மேகத்துக்குள் போனது. படியில் விரிக்க ஒரு கம்பளம். அந்தப் படி எந்த மாடிக்குப் போகிறது என்று அவர் ஏறிப் பார்க்கவில்லை, அடுத்த வரம்பு வந்தால் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டார்.

"கார்டுல இருக்கற இடத்தை நிரப்பாம விட்டா, இவனுக்கு எதுக்கு இவ்வளவுன்னு குறைச்சுடுவாங்கக்கா" என்று தலையணைப் பிரிவு அக்காவிடம் விளக்கினார்.

"தட்டுல மிச்சம் வச்சா திட்டறதுக்கு அவங்க என்ன உன் அம்மாவா?" என்றாள் அக்கா. ஆனாலும் சரவிளக்கைத் தூக்க ஒரு கை கொடுத்தாள்.

பில் பெரிதானபோது முழுசாகக் கட்ட முடியவில்லை. அதிலேயே 'கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு சின்ன எண் இருந்தது. பாங்குக்குத்தான் என்ன இரக்கம் என்று நெகிழ்ந்து, மாதாமாதம் அதை மட்டும் கட்டினார். மிச்சத்துக்கு வட்டி ஏறுவதைக் கனவு வீட்டின் ஜன்னலிலிருந்து பார்க்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிஜமான ஒரு வீடு வந்தது. மனைவி லிஃப்ட் பார்க்கப் போன கட்டடத்தில், மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. இசை ஆசிரியை ஒருத்தி ஊரை விட்டுப் போவதால் குறைந்த விலைக்கு விற்கிறாள். மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொன்னாள்.

"பால்கனியில நின்னேங்க. மரம் ஒண்ணு கைக்கெட்டற தூரத்துல இருக்கு" என்றாள் மனைவி. ஆறு வருஷமாக முன்பணம் சேர்த்தவள் அவள். வீட்டுக் கடனுக்கு இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும்.

வீட்டுக் கடன் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு மெத்தைக்காரரைப் பார்த்தார். "ஸ்கோர் தொள்ளாயிரத்துக்கு, மேடத்துக்கு எழுநூத்தித் தொண்ணூறு. சாருக்கு அறுநூத்தி நாப்பது."

"என் போன்ல எழுநூத்தி ரெண்டுன்னு காட்டுது சார். இந்தக் கம்பெனிக்காரன் என்னை நல்லவன்னுதான் சொல்றான்."

"ஸ்கோர் போடற கம்பெனி ரெண்டு மூணு இருக்கு சார். ஒவ்வொருத்தர் கணக்கும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ஆனா எல்லார்கிட்டயும் ஒரே சங்கதிதான் இருக்கு. ஒன்றரை லட்சம் வரம்புல ஒண்ணு நாப்பத்தெட்டு செலவழிச்சிருக்கீங்க. அஞ்சு மாசமா மினிமம் மட்டும் கட்டறீங்க. கையில காசே இல்லாத ஆளுன்னு அது சொல்லுது. வரம்புல மூணுல ஒரு பங்குக்குள்ள நின்னு, முழுசா கட்டியிருந்தா இந்த ஸ்கோர் தானா ஏறியிருக்கும். இப்ப இருக்கற ஸ்கோருக்கு வீட்டுக் கடன் தர முடியாது சார்."

மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு நாப்பத்தெட்டா? எதுக்கு?"

"திரைச்சீலை" என்றார் அவர். "அப்புறம்... ஒரு விளக்கு."

அதிகாரி கம்ப்யூட்டருக்குள் எதையோ அவசரமாகத் தேடினார்.

திரும்பும்போது லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும். சுவரில் பதித்திருந்த தகட்டை மனைவி விரலால் தட்டினாள். "எட்டு பேர்னு போட்டிருக்கு பாருங்க. இதுக்கு மேல தாங்காதுங்கறதுக்காகப் போடறது. வாசல்ல நின்னு எட்டு பேரைப் பிடிச்சு ஏத்தணும்னு யாராவது அலைவாங்களா?"

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் தனியாகச் சாப்பிட்டாள். நான்காம் நாள் மாதமும் முடிந்தது. இசை ஆசிரியை போன் செய்து, வேறு ஒருவருக்கு வீட்டைக் கொடுத்துவிட்டதாக வருத்தத்தோடு சொன்னாள். மனைவி "பரவாயில்லைங்க" என்று வைத்துவிட்டு, சமையலறையில் ரொம்ப நேரம் ஒரே பாத்திரத்தைக் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. மெத்தைக்காரர் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தூக்கம் வரவில்லை. வீடும் வரவில்லை.

சரவிளக்கை ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பாதி விலைக்குத் தள்ளினார். கம்பளம் கால் விலைக்குப் போனது. பத்தடித் திரைச்சீலையைச் சீண்ட ஆளில்லை. வந்த காசையெல்லாம் கார்டில் கட்டினார். மிச்சத்துக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெத்தை இறக்கிக் கொடுக்கும் வண்டியில் கூலிக்குப் போக ஆரம்பித்தார். முதல் ஞாயிறு முடிந்து வீட்டுக்கு வந்ததும், முதுகைப் பிடித்துக்கொண்டே பாங்குக்குப் போன் போட்டார். மனைவி தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேக்காம என் கார்டு வரம்பை இனிமே ஏத்தாதீங்கம்மா."

எதிர்முனைப் பெண் குழம்பினாள். "சார், எல்லாரும் ஏத்தித் தரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வரம்பு அதிகமா இருந்தா நல்லதுதானே?"

"அளவா செலவு பண்றவங்களுக்கு நல்லதுதாம்மா. எனக்கு ஆகல. வரம்புங்கறது நான் எவ்வளவு கடன்படலாம்னு நீங்க போட்ட கணக்கு. நான் எவ்வளவு பெரிய மனுஷன்னு சொல்ற கணக்குன்னு நினைச்சுட்டேன். அடுத்தவன் காசை என் உயரம்னு நம்பினேன், அதுல எங்க வீட்டம்மா ஆறு வருஷமா பார்த்துப் பார்த்துச் சேர்த்த வீடு போயிடுச்சு. இந்தத் தப்பை வேற யாரும் பண்ணாம இருக்க, கார்டு கொடுக்கும்போதே நீங்க இதையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கம்மா."

தனக்கு எழுதிக் கொடுத்திருந்த பதில்களில் இதற்கு எது என்று அந்தப் பெண் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"போதும், போனை வைங்க" என்றாள் மனைவி. "சாப்பாடு ஆறுது."