இங்கே ஓடாத டிவிடி

நாடகக் குழுவின் தலைவர் மகா கெட்டிக்காரர். அவர்களுடைய நாடகத்தை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி படம்பிடித்து, அந்த நாட்டில் மட்டும் டிவிடியாக விற்றது. தலைவர் அதைக் குழுவில் ஆளுக்கொன்று கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறொன்றும் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரியும். எந்த வீட்டு பிளேயரில் போட்டாலும் 'தவறான மண்டலம்' என்று காட்டி வெளியே துப்பியது. அவரவர் அதை டிவி பக்கத்தில் நிறுத்தி, வந்தவர் போனவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்கள்.

ராணியாக நடிப்பவளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வருடக்கணக்காக அந்த வேடம். மேடையில் நிற்பவள் தன்னைத் தானே பார்க்க முடியுமா என்ன? ஒரு தடவையாவது தன் குரலை வெளியாள் போல உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும். கடைக்காரர் புது பிளேயர் வாங்கச் சொன்னார். அந்தக் குரலைத்தான் தினமும் கேட்கிறேனே, அது போதாதா என்றார் கணவர்.

வழி சொன்னவர் குழுவின் லைட்காரர். எல்லா நாட்டுக்கும் ஒரே பிளேயரைத்தான் செய்கிறார்கள், வேறு நாட்டு டிஸ்க் ஓடாதபடி பூட்டைக் கடைசியில்தான் போடுகிறார்கள், தங்கள் மெக்கானிக்குகளுக்காக ஒரு கொல்லைப்புறக் கதவையும் விட்டுவைக்கிறார்கள் என்றார். ரிமோட்டில் சில எண்களை அழுத்தினால் அது திறக்குமாம். அவள் பிளேயருக்கான எண்களை யாரோ ஒரு புண்ணியவான் தட்டித் தடவிக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டிருந்தார். டிஸ்க்கை உள்ளே வைத்தபடி அழுத்தி ஏமாந்தாள். பிறகு தட்டைக் காலியாக வெளியே இழுத்துவிட்டு அழுத்தினாள். திரையில் ஒரு மெனு வந்தது. மண்டலம் என்ற இடத்தில், எல்லா நாட்டுக்கும் பொதுவான பூஜ்யத்தை வைத்தாள்.

படம் ஓடியது. ராணி வந்தாள், வாயைத் திறந்தாள். கேட்டது தலைவருடைய மனைவியின் குரல்.

அழுத இடத்திலும் அந்த அம்மாள்தான், சிரித்த இடத்திலும் அந்த அம்மாள்தான். கடைசியில் 'ராணியின் குரல்' என்று பெரிய எழுத்தில் அவர் பெயர் வேறு. உன் குரல்தான் நம் நாடகமே என்று இவளிடம் வாய் கூசாமல் சொன்னவர் தலைவர். போய்க் கேட்டால் தேனொழுகப் பேசி மழுப்புவார். அதனால் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள், சிரித்த முகத்தோடு வணக்கம் வைத்தாள், காத்திருந்தாள்.

கம்பெனிக்காரர்கள் நாடகத்தை நேரில் பார்க்க வந்தார்கள். முன்வரிசையில் அவர்களுக்கு நடுவே தலைவரும் மனைவியும். ராணி தர்பாருக்குள் வந்தாள், கையை உயர்த்தினாள், உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. மைக் கோளாறு என்று நினைத்துத் தலைவர் ஓரத்தில் நின்றவர்களை முறைத்தார். அடுத்த வசனத்துக்கும் அவள் உதட்டை மட்டும்தான் அசைத்தாள். லைட்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அவர் ஒரு விளக்கை முன்வரிசையில் தலைவருடைய மனைவி மேல் திருப்பினார்.

அவள் மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள்.

"அக்கா, நான் வாயசைச்சுட்டேன். நீங்க பேசுங்க."

அந்த அம்மாளுக்கு முதல் வரிகூட நினைவில் இல்லை. அரங்கமே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராணிக்கு அவசரம் எதுவும் இல்லை.