வெயிலில் வைத்த பெட்டி

வரதராஜுலு தன் மோட்டார் பட்டறையின் மாடி அறையை ஒழித்து, அதில் ஆறு கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்திருந்தார். இப்போது, இந்தத் தொண்ணூற்றாறில், பயிற்சி நிலையங்களில் டிவி போல உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர் இல்லை. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ரேடியோக் கிறுக்குப் பிடித்த சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடினார்கள். பம்பாயிலிருந்து சிப்புகளைத் தருவித்து, தாங்களே பலகையில் பற்றவைத்து, வீட்டுக்கு ஒன்றாகச் செய்துகொண்டார்கள். திரை கிடையாது. சில பித்தான்கள், எண்கள் எரிகிற ஆறு சிவப்பு விளக்குகள், அவ்வளவுதான். செய்தவர்களில் பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் இறந்தும் போனார்கள். இப்படி ஒரு கூட்டம் இந்த ஊரில் இருந்தது என்பதற்கு இனி அந்தப் பெட்டிகளை விட்டால் சாட்சி இல்லை என்று வரதராஜுலுவுக்குத் தோன்றிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பரணிலிருந்து இறக்கி வந்தார்.

உக்கடத்தில் ரேடியோக் கடை வைத்திருக்கும் ஜபருல்லாதான் அவற்றைப் பழுது பார்த்தார். அந்தக் கூட்டத்தில் பற்றவைப்பதற்கு அவர் கைதான் என்று பேர். துருவைச் சுரண்டி, செத்த பாகங்களை மாற்றி, ஒவ்வொரு பலகையையும் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். ஆனால் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை.

"பாய், எல்லாம் ஊமைச்சாமியாவே உக்காந்திருக்குதுங்க," என்றார் வரதராஜுலு. "இது ஒரு காலத்துல ஓடுச்சுன்னு சொன்னா, பாக்க வர்றவன் மெஷினைப் பாக்க மாட்டான். என்னையத்தான் ஒரு தினுசாப் பாப்பான்."

காரணம் இருவருக்கும் தெரியும். கரண்டு வந்ததும் பெட்டியை எழுப்பி, பித்தானையும் விளக்கையும் பேசவைக்கிற புரோகிராம் ஒன்று வேண்டும். அதை எழுதியவர் பல்லடம் லட்சுமணசாமி. அவர் பெட்டியில் இருந்ததைப் பார்த்துத்தான் மற்ற ஆறு பேரும் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புரோகிராம் குடியிருந்த சிப்புக்கு உச்சியில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதன் வழியே வெயில் இறங்கினால் உள்ளே எழுதியிருப்பது அழிந்துபோகும். அதனால் சன்னல்மேல் எதையாவது ஒட்டி மறைத்து வைப்பார்கள். புதிதாக ஏதாவது எழுத வேண்டுமென்றால் ஒட்டியதைப் பிய்த்துவிட்டு, மொட்டைமாடியில் சில நாள் வடகம் மாதிரி காயப்போடுவார்கள். சிப்பு விற்ற விலைக்கு வேறு வழியில்லை. ஜபருல்லாவும் அப்படித்தான் தன்னுடையதை அழித்தார். வேண்டும்போது லட்சுமணசாமியிடம் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்று ஆறு பேருமே நினைத்திருந்தார்கள். எண்பத்தொன்பதில் லட்சுமணசாமி தறிக்குடோனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

மிச்சம் இருந்தால் அவருடைய சொந்தப் பெட்டியில் மட்டும்தான் இருக்க வேண்டும். அதுவும் போயிருந்தால் ஆறு பெட்டிகளும் இனி எந்தக் காலத்திலும் வாய் திறக்காது.

லட்சுமணசாமி வீட்டில் போன் இல்லை. பக்கத்துக் கோழிப் பண்ணைக்குப் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அந்தப் பழைய பெட்டியைப் பார்க்க வேண்டுமென்றும் ஜபருல்லா சொல்லிவைத்தார். காப்பி எடுப்பதற்குத் தானே செய்த கருவியையும், சில வெற்றுச் சிப்புகளையும், கொடுத்தால் பெட்டியைச் சுற்றி எடுத்துவர ஒரு சாக்கையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வழியெல்லாம் லட்சுமணசாமி நினைப்பாகவே இருந்தது. இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒருவர் பலகையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் பற்றவைக்க, டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு லட்சுமணசாமி, "அப்ப வாரேனுங்க பாய்," என்று எழுந்துகொள்வார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு வாக்கியம்தான் மொத்தப் பேச்சும். அந்த மாதிரி ஒரு மௌனம் பிறகு யாரிடமும் தனக்கு வாய்க்கவில்லை என்று பஸ் சூலூரைத் தாண்டும்போது ஜபருல்லாவுக்குத் தோன்றியது.

பல்லடத்தில் இறங்கி, தறி ஓசையைக் கேட்டுக்கொண்டே நடந்து, வாசலுக்குப் போய் நின்றார்.

பெட்டி வெயிலில் இருந்தது.

கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து, அதன்மேல் பெட்டியை மூடி கழற்றி மல்லாத்தி வைத்திருந்தது. பங்குனி வெயில். லட்சுமணசாமியின் மனைவி சுப்பாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"வாங்கண்ணா. நீங்க வாரீங்கன்னு பண்ணையில சொன்னாங்க. அட்டாலியில ஒரே தூசியும் தும்புமாக் கெடந்துச்சுங்க. ஈரத்துணி போட்டு நல்லாத் தொடச்சுபோட்டு, நேத்திருந்து காயவெச்சிருக்கறனுங்க," என்றாள். வந்தவர் கையில் அழுக்காக ஒன்றைக் கொடுத்துவிடக் கூடாதே என்ற அக்கறை அவள் முகத்தில் இருந்தது.

ஏழு வருஷம் பரணிலேயே கிடந்ததை, தான் ஒரு போன் பண்ணி வெயிலுக்கு இழுத்து வந்துவிட்டோம் என்பது மட்டும் ஜபருல்லாவின் மண்டைக்குள் ஓடியது. சூரியனுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். அவருடைய நிழல் பெட்டியின்மேல் விழுந்தது.

"சித்தெ நெழல்ல வெச்சுக்கலாமுங்களா அம்மணி?"

இருவருமாகக் கட்டிலோடு தூக்கித் தாழ்வாரத்துக்குள் வைத்தார்கள். பிறகுதான் குனிந்து பார்த்தார். சிப்பின் நடுவில் கண்ணாடி தெரியவில்லை. அங்கே ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. முதலில் குளவி மண் வைத்திருக்கிறது என்று நினைத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சந்தனம். சந்தனத்தின்மேல் குங்குமம், அதன்மேல் மறுபடி சந்தனம், மறுபடி குங்குமம். சுண்டுவிரல் நகம் கனத்துக்கு ஏறியிருந்தது.

இது என்ன என்று கேட்டார். சுப்பாத்தாள் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆயுத பூசை நோம்பிக்கு வெச்சதுங்க," என்றாள். "மூடியைக் கழட்டிப்போட்டு, அவிய கை பொழங்குன உள்பக்கந்தான் வெப்பேன். அந்த எடத்துமேல வெள்ளிக் காயிதம் ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. அவிய தவறுன வருசமே அது உதுந்துபோச்சு. மத்த எடமெல்லாம் முள்ளு முள்ளாக் கம்பி. பொட்டு வெக்கறதுக்கு வழவழன்னு இருந்தது அந்த ஒரு எடந்தானுங்க."

"வருசா வருசம் வெச்சீங்களா?"

"ஆமாங்க. தறிக்கெல்லாம் கொழுந்தனார் பையன் வெச்சுருவான். இதுக்கு மட்டும் நானே வெப்பேன். அவிய போனப்புறம் நான் குங்குமத்தைத் தொடறது வருசத்துக்கு அந்த ஒருக்காத்தானுங்கண்ணா. சனம் பாத்தா ஏதாச்சும் சொல்லும்னு கதவைச் சாத்திப்போட்டு வெப்பேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து எல்லாத்தையும் தொடச்சேனுங்க. பொட்டை மட்டும் அழிக்கக் கை வரலீங்க."

அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. ஜபருல்லா தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்துக் குடோன்களில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு வேலையைத் தொடங்கினார். பொட்டு உதிராமல், திருப்புளி நுனியால் சிப்பை இரண்டு பக்கமும் மெல்ல நெம்பி எடுத்தார். வெயிலுக்குத் தப்பியிருந்தாலும், பத்து வருஷத்துக்குமேல் எழுத்து நிற்கும் என்று சிப்பைச் செய்த கம்பெனிக்காரர்களே உறுதி கொடுத்ததில்லை. இது எழுதிப் பதினான்கு வருஷம் ஆகிறது. கருவியின் இடது குழியில் அதைச் செருகினார், வலது குழியில் வெற்றுச் சிப்பு. உள்ளே ஒன்றுமில்லையென்றால் சிவப்பு விளக்கு எரியும். இருந்தால் பச்சை. பிஸ்மி சொல்லிப் பித்தானை அழுத்தினார்.

பச்சை எரிந்தது.

காப்பி முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை. முடிந்ததும் பழையதையும் புதியதையும் ஒப்பிடவைத்தார். ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு காப்பி எடுத்தார்.

"எல்லாம் அப்படியே இருக்குதுங்க அம்மணி," என்றார். "அந்தப் பொட்டு இல்லீன்னா அவரு எழுதுனது ஒண்ணுமே மிஞ்சியிருக்காதுங்க. எங்க ஆறு பேர் மெஷினும் செத்ததுதான். நாங்க அத்தனை பேரும் தொலைச்சதை நீங்க ஒருத்தர் காப்பாத்தி வெச்சிருக்கீங்க."

"நான் என்னங்கண்ணா பண்ணுனேன், பொட்டு வெச்சேன்," என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு மாமியா இல்லாத கொறையைத் தீத்ததே இதுதாங்க. சோறு போட்டுக் கூப்புட்டா, இதுகிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் எந்திரிப்பாங்க."

ஜபருல்லா சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

இது ஓடி அவள் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எப்போது எட்டிப் பார்த்தாலும் லட்சுமணசாமி அதைக் குடலை உருவிப் போட்டமாதிரிப் பிரித்து வைத்திருப்பாராம். ஜபருல்லா புதுக் காப்பியைப் பெட்டியில் செருகினார். பழைய கம்பிகளை நம்பாமல், கருவியோடு கொண்டுவந்திருந்த பவர் சப்ளையை மாட்டி சுவிட்சைப் போட்டார். ஆறு விளக்குகளும் ஒரு கணம் மினுக்கின. பிறகு ஒரே ஒரு சிவப்புக் கீற்று இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு ஓடியது. நின்றது. திரும்ப இடது கோடிக்கு ஓடியது. யாராவது பித்தானை அழுத்தும்வரை அது அப்படியே போய்வந்துகொண்டிருக்கும். ஆறு விளக்கும் சரியாக எரிகிறதா என்று பார்க்க லட்சுமணசாமி வைத்த ஏற்பாடு என்றுதான் ஜபருல்லா இத்தனை வருஷமும் எண்ணியிருந்தார். அதைத்தான் அவளிடமும் சொன்னார்.

சுப்பாத்தாள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் கூடவே போய்வந்தன.

"இது நாடாவுங்க," என்றாள். "தறியில இக்கட்டுக்கும் அக்கட்டுக்கும் நூலை எடுத்துட்டு ஓடுமே, அதுதானுங்க. பாருங்க, கோடிக்குப் போனதும் சித்தெ நின்னுதான் திரும்புது."

ஜபருல்லா மறுபடி பார்த்தார். நாடாவேதான். இத்தனை ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் லட்சுமணசாமி இதைச் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. இப்போது கேட்டுவிட்டதுபோல இருந்தது. பையில் இருந்த சாக்கை வெளியே எடுப்பதில்லை என்று அந்த நேரத்தில் முடிவு செய்தார். மாடி அறைக்குக் காப்பிகள் போதும்.

திடீரென்று குடோன் குடோனாகத் தறிகள் ஓய்ந்தன. சிவப்புக் கீற்று வழியிலேயே நின்று மறைந்தது.

"போயிருச்சுங்களா?" சுப்பாத்தாள் நிமிர்ந்தாள்.

"கரண்டுதான் போச்சுங்க அம்மணி. அவரு எழுதுனது உள்ளாரயேதான் இருக்குதுங்க."

"அப்பக் கரண்டு வந்தா மறுக்கா ஓடுமுங்களா?"

"ஓடுமுங்க. எப்ப வந்தாலும் ஓடும்."

அவள் தலையாட்டினாள். அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுமே என்று கேட்கவும் செய்தாள். நேரம் ஆகிக்கொண்டுதான் இருந்தது. ஜபருல்லா பையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கட்டிலின் இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.