எட்டு டிரம் மறைப்பு

நட்ட ஏழாவது மாதத்தில் மொட்டை மாடி மூங்கில் அறிவிப்பாளரை முழுதாக மறைத்துவிட்டது. முதலில் செருப்பு, அடுத்த வாரம் கால்கள், பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் மிச்சமும். இலையை விலக்கிப் பார்த்தால் மாடி அறை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, ஆவி பறக்கும் டீ டம்ளர்கூடத் தெரிந்தது. மனிதரைத்தான் காணோம். "இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள். "இங்கதானே இருக்கேன்" என்றது நாற்காலி. சரி, இருக்கிறாரே என்று அவள் கீழே போய் மீதிப் பொத்தான்களைத் தைத்து முடித்தாள்.

அவர் பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அறிவிப்புச் செய்தவர். அந்தப் பாதையில் ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு, ஒன்று மலைமேல், ஒன்று கடலோரம். பெயருக்கு முன்னால் மலை என்றோ கடல் என்றோ ஒரு சொல் சேர்த்துச் சொல்வார், அவ்வளவுதான் வேலை. ஒருநாள் மதியம் தும்மல் வந்த நேரத்தில் அந்தச் சொல் இடம் மாறிவிட்டது. துண்டும் மணல் வாளியும் பிள்ளைகளுமாகக் கடலில் குளிக்கக் கிளம்பிய நாற்பத்திரண்டு பேர் மலை உச்சியில் இறங்கி வெடவெடவென்று நடுங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இரண்டு பேருக்குச் சளி பிடித்தது. ஆனால் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. காய்கறிக்காரரிலிருந்து தபால்காரர்வரை, "அண்ணே, இன்னிக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்காதவர் இல்லை. சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவருக்கு அது வராது. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மாடி அறையில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் எதிர்க் கட்டடத்தின் நான்கு ஜன்னல்கள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தன.

மனைவி தையற்காரி. அளவு சொல்லாமல் துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை நிற்க வைத்துத் திட்டுகிறவள். அவளே நாற்றுப் பண்ணைக்குப் போய், "மாடிக்கு ஒரு மறைப்பு வேணும்" என்று மட்டும் சொன்னாள். எதை, யாரிடமிருந்து, எவ்வளவு என்று சொல்லவில்லை. பண்ணைக்காரர் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கிறவர். "லேசாவா, நல்லாவா?" என்றார். "நல்லாவே மறைக்கணும்" என்றாள்.

எட்டு நீல டிரம்கள் வந்தன. அடியில் ஓட்டை, அதன்மேல் உடைந்த செங்கல், அதன்மேல் பாதி மண், பாதி உரம். நட்டது ஓடிப் பரவாத, குத்தாக வளரும் மூங்கில் ஜாதி. மாடி அறைக்கு முன்னால் சுவருக்குச் சுவர் வரிசையாக வைத்தார்கள். காலையில் முழங்கால் உயரம் இருந்த குருத்து மாலையில் இடுப்பைத் தொட்டது. இலைகள் உரசும் சத்தம் கேட்டுத் தெருவில் போகிறவர்கள் மழை என்று நினைத்துக் குடையை விரித்தார்கள். குடை நனையவும் செய்தது. கீழே நின்று பேசுகிறவர்களுக்குப் பாதிப் பேச்சில் கொட்டாவி வந்து, எதற்காக வந்தோம் என்பது மறந்து, நல்ல மனநிலையோடு வீடு திரும்பினார்கள்.

வேளாவேளைக்கு அவள் தட்டை டிரம் விளிம்பில் வைத்தாள், காலித் தட்டு திரும்பி வந்தது. உள்ளே போக நினைத்தால் பூனை நுழையவும் இடமில்லை. ஈர மண்ணோடு ஒரு டிரம் இரண்டு ஆள் கனம். அவராக வரட்டும் என்று அவளும் வீம்பாகத்தான் இருந்தாள். வருடம் ஒன்று முடிந்து இன்னொன்று பாதி போனது. அவர் பதில் வாக்கியத்திலிருந்து வார்த்தையாகி, வார்த்தையிலிருந்து "ம்" ஆகிவிட்டது. ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், "ம்" கூட வரவில்லை. வைத்த தட்டு வைத்தபடி இருந்தது. வீம்பெல்லாம் அப்போதே போய்விட்டது. கழுத்தில் அளவு நாடாவோடு பண்ணைக்கு ஓடினாள்.

பண்ணைக்காரர் வந்து நடு டிரம்மைத் தட்டிப் பார்த்தார். "வேர் கட்டிக்கிச்சும்மா. ஊத்துற தண்ணி உள்ளயே போகல, ஓரமா வழிஞ்சுடுது. ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் பிரிச்சு வைக்கணும்னு சொன்னேனே."

"எப்பச் சொன்னீங்க?"

"சொல்லலையா? சரி, இப்பச் சொல்றேன். அந்தப் பக்கம் பிடிங்க."

டிரம்மைச் சாய்த்து உருட்டி வெளியே எடுத்தார்கள். பண்ணைக்காரர் ரம்பத்தால் வேர்க்கட்டியை இரண்டாக அறுக்கத் தொடங்கினார். அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. டிரம் இருந்த இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்தாள்.

உள்ளே வெளிச்சமே பச்சையாக இருந்தது. நாற்காலியில் அவர் இருந்தார், தலையெல்லாம் சருகு, தாடி நெஞ்சுவரை. அவள் ஓவென்று அழுதுவிட்டாள். "கூப்பிட்டா ஏங்க பேச மாட்டேங்கிறீங்க?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிட்டியா? உன் சத்தம் தேஞ்சு தேஞ்சு கேக்காமலே போயிடுச்சே" என்றார். "இலையை விலக்கி விலக்கிப் பாத்தேன். துணி காயுது, தண்ணி ஊத்துது, உன்னைக் காணோம். எனக்கு வந்த அவமானத்துல நீதான் எங்கயோ போயிட்டேன்னு நெனச்சேன்."

"தட்டு யார் வெச்சாங்கன்னு நெனச்சீங்க?"

"அதான் தெரியல" என்று அவரும் அழுதார். பிறகு, "கண்ணாடி மாத்திட்டியா? நல்லாருக்கு" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார். தாடி எடுத்த முகத்தைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள், அவரும் சிரிக்க முயன்றார், சுமாராக வந்தது. அறுத்த பாதியை எதிர்க் கட்டடத்துப் பெண் கேட்டு வாங்கிப் போனாள், பிறகு மற்றவர்களும். இன்று அந்தத் தெருவில் பதினோரு மாடிகளில் மூங்கில் நிற்கிறது. நடு டிரம் இருந்த இடத்தை மட்டும் இவர்கள் திரும்ப அடைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு இருவரும் அதன் வழியாக உள்ளே போகிறார்கள். ஆறு மணிவரை அவர்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டார்கள். தைத்த துணியை வாங்கிப் போக வந்தவர்கள் கீழே பெஞ்சில் கொட்டாவி விட்டபடி காத்திருக்கிறார்கள்.